குரலுக்கு ஒரு சுவிட்ச்

“இந்தச் சுவிச்சு எதுக்குட்டி?” என்று நெல்லையம்மாள் பெரியம்மை என்னிடம் கேட்டாள்.

சாதாரணக் கேள்விதான். வீட்டுக்குப் புதிதாக ஒரு மிக்ஸி வந்தாலும் கேட்பார்கள், ஒரு டார்ச் லைட் வந்தாலும் கேட்பார்கள். நான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். அதன் பிறகு நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால், நான் செய்தது ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்துக்கு நியாயமாகத்தான் இருந்தது என்பது உங்களுக்கே விளங்கும்.

நான் பெட்டி செய்கிறவள். துணி வைக்கிற பெட்டி இல்லை. வீட்டில் உட்கார்ந்து செய்கிற ஆம்ப்ளிபயர், தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கத்துகிற அலாரம், கரண்ட் போனால் தானாக எரிகிற விளக்கு, இவற்றுக்கு மேல்கூடு. உள்ளே இருப்பதைச் செய்கிறவர் என் மாமா சங்கரநயினார். அரசாங்க ஆபீசில் ஓய்வு பெற்ற மறுநாளே சால்டரிங் புகைக்குள் போய் உட்கார்ந்தவர். அவர் செய்து முடித்த பொருள் போர்டும் வயரும் டிரான்ஸ்பார்மருமாக மேசைமேல் குடல் சரிந்த மாதிரி கிடக்கும். பாட்டு நன்றாகவே வரும். ஆனாலும் அதை யாரும் தங்கள் வீட்டுக்குள் விட மாட்டார்கள். பிள்ளைகள் தொட்டுவிடும், பல்லி விழுந்துவிடும் என்பார்கள். அதே பொருளை ஒரு பெட்டிக்குள் வைத்து, முன்னால் இரண்டு திருகும் ஒரு சிவப்பு பல்பும் காட்டிவிட்டால், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இடம் கொடுப்பார்கள்.

பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். படிப்பு வராமல் இல்லை. எழுந்து நின்று பதில் சொல்லத்தான் வரவில்லை. பெட்டி என்னை எழுந்து நிற்கச் சொல்வதில்லை. பீரோ பட்டறையில் மிஞ்சிய தகடு, பிளைவுட் துண்டு, பிஸ்கட் டின், எது கிடைத்தாலும் அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, சாயம் அடித்து, முகப்பில் வெள்ளை நெயில் பாலிஷால் எழுத்து எழுதுவேன். மாமா போர்டை மேசையில் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு என்னிடம் தள்ளிவிடுவார். அதை உள்ளே வைத்து மூடித் திருகாணி போடுவது என் வேலை. மூடிய பிறகு மாமா திறந்து பார்ப்பதில்லை. என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

எதிர்வீட்டு நெல்லையம்மாள் பெரியம்மை எங்களுக்குச் சொந்தமில்லை. தெருவில் எல்லோருக்கும் அவள் பெரியம்மை. அவள் வீட்டுக் கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கூடி கோமதி அம்மன் பாட்டுப் பாடுவார்கள். அதற்கு ஓர் ஆம்ப்ளிபயர் வேண்டும் என்று மாமாவிடம் கேட்டிருந்தாள்.

அந்தப் பெட்டியின் முகப்புக்கு நல்ல அலுமினியத் தகடு ஒன்று வைத்திருந்தேன். தகட்டில் ஓட்டை போடுவதற்கு முன்னால் ஆணியால் ஒரு புள்ளி குத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் துளைப்பான் வழுக்கிக்கொண்டு போய்விடும். சிவப்பு பல்புக்காக ஓட்டை போடும்போது வாசலில் பெரியம்மையின் குரல் கேட்டது. யாராவது வந்தால் அடுக்களைக்குள் போய்விடுவது என் வழக்கம். கை அவசரப்பட்டது. புள்ளி குத்த மறந்து போயிற்று. துளைப்பான் வழுக்கி, இரண்டு விரல் தள்ளி, எதற்கும் ஆகாத இடத்தில் ஒரு வட்ட ஓட்டையைப் போட்டுவிட்டது.

வேறு தகடு இல்லை. பெரியம்மை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாமா கோயிலுக்குப் போயிருந்தார். நான் டப்பாவைத் துழாவி, அந்த ஓட்டைக்குப் பொருந்துகிற ஒரு சின்ன சுவிட்சை எடுத்து மாட்டி, மரையை இறுக்கினேன். பின்பக்கம் அதன் கால்கள் வெறுமனே நின்றன. அதிலிருந்து ஒரு வயரும் எங்கேயும் போகவில்லை. பல்புக்கு அதன் இடத்தில் ஒழுங்காக இன்னொரு ஓட்டை போட்டு, போர்டை வைத்து மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டி செய்கிறவர்கள் எல்லோரும் எப்போதாவது செய்வதுதான் இது. தவறிய ஓட்டையில் ஒரு பல்போ திருகோ வைத்து மறைத்தால் பார்க்க அழகாகவே இருக்கும்.

யாரும் அது எதற்கு என்று கேட்காதவரை ஒன்றுமில்லை. பெரியம்மை கேட்டாள்.

கை தவறியது என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு முழு வாக்கியம் வேண்டும், அதற்குப் பிறகு வருகிற கேள்விகளுக்கும் பதில் வேண்டும். நான், “குரலுக்கு, பெரியம்மை” என்றேன்.

பெரியம்மை சுவிட்சை மேலே தள்ளி மைக்கைப் பிடித்து, “கோமதித் தாயே” என்றாள். கீழே தள்ளி மறுபடியும் சொன்னாள். மறுபடியும் மேலே.

“ஏ அம்மா. மேல வச்சா கணீர்னு வருதுல்லா. கீழ வச்சா யாரோ போர்வைக்குள்ள இருந்து பாடுத மாதிரி இருக்கு.”

அவள் பொய் சொல்லவில்லை. மேலே வைத்ததும் முதுகை நிமிர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்துப் பாடினாள். கீழே வைத்தபோது, பழுதைக் கேட்பதற்காகவே முனகினாள். அந்த நேரத்தில் மாமா திருநீற்றோடு உள்ளே வந்தார்.

“அண்ணாச்சி, குரலுக்குன்னு தனியா ஒரு சுவிச்சு வச்சிருக்கீளே. எங்கனதான் படிச்சீளோ.”

மாமா பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அது ஒரு தனி செட்டப்பு” என்றார்.

எந்தப் போர்டில் என்ன வைத்தோம் என்பது அவருக்கு மறந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். வயதானவர்தானே.

பெரியம்மையின் மகன் கைலாஷ் அண்ணன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறார். அவர் மனைவி லட்சுமிப்ரியா மதினி. மதினி திருநெல்வேலியில் முறையாகப் பாட்டுப் படித்தவள். பெரியம்மை யாரிடமும் படிக்காமல் முப்பது வருஷமாகத் தெருவையே பாட வைத்தவள். இருவரும் ஒரே அடுக்களையில் பெரிய சண்டை இல்லாமல் இருந்தார்கள். ரசத்தில் பெருங்காயம் போதாது, தாளம் ஓடுகிறது, இந்த அளவில்தான் பேச்சு வரும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியம்மை சுவிட்சை மேலே வைத்துப் பாடி முடித்தாள். மதினி மைக்கை வாங்கியதும் அதைக் கீழே தள்ளினாள்.

“என்னட்டி, கீழ தள்ளுத?”

“மேல வச்சா கீச்சுன்னு இருக்கு அத்தை. கீழதான் சுருதி ஒட்டுது.”

“முப்பது வருஷமா எனக்கு ஒட்டுன சுருதி உனக்கு ஒட்டாதோ?”

“முப்பது வருஷமா இந்தச் சுவிச்சு இல்லியே அத்தை.”

பாட்டுக் கூட்டம் அன்றைக்கே இரண்டாகப் பிரிந்தது. வயதில் மூத்தவர்கள் மேலே என்றார்கள், புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்கள் கீழே என்றார்கள். எல்லோருக்கும் காதில் வித்தியாசம் தெரிந்தது. அடுத்த தெரு வள்ளித்தாய் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, மேலே வைத்தால் தனக்கு இடது காதிலும் கீழே வைத்தால் வலது காதிலும் விழுவதாகச் சொன்னாள். இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள். இருபது பெண்கள் காதால் கேட்டோம் என்கிறார்கள். இந்தக் கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று, நீங்கள் கேட்டது எதுவும் இல்லை என்று ஒரு சின்னப் பெண் சொல்லலாமா? அது மரியாதையில்லை. அதனால் நான் பெட்டி செய்கிறவள் செய்யக்கூடியதைச் செய்தேன்.

மேலே, கீழே என்று இரண்டு நிலை இருப்பதால்தானே சண்டை? பெட்டியை வாங்கி வந்து, நடுவிலும் நிற்கிற மாதிரி மூன்று நிலை சுவிட்ச் ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். சமாதானத்துக்காகத்தான். அதன் கால்களும் வெறுமனேதான் நின்றன. ஆனால் நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் கெட்டது என்று இருவருமே சொன்னார்கள். வள்ளித்தாய் அக்கா மட்டும் நடுவுக்கு மாறினாள். அவளோடு யாரும் பேசவில்லை.

பெயர் இல்லாததால் குழப்பமோ என்று அடுத்து நினைத்தேன். நெயில் பாலிஷ் எடுத்து மேலே ‘கணீர்’ என்றும் கீழே ‘இதம்’ என்றும் எழுதினேன். இரண்டும் நல்ல வார்த்தைகள். யாரையும் குறைக்கவில்லை. அதை நான் எழுதாமல் இருந்திருந்தால் சண்டை பாட்டோடு நின்றிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எழுதின பிறகு அது அடுக்களைக்குப் போயிற்று.

“அவளுக்கு எல்லாம் இதமா வேணும். மொளகா இதமா வேணும், புளி இதமா வேணும். பத்தியச் சாப்பாடா திங்கோம்?” என்று பெரியம்மை எங்கள் வாசலில் நின்று சொன்னாள்.

“பாத்திரத்த வைக்கதுகூட கணீர்னுதான் வைக்காக. காலைல அஞ்சு மணிக்குக் குடம் கணீர், கதவு கணீர், இருமலு கணீர். நான் எந்த வீட்டுலட்டி தூங்க?” என்று மதினி அதே வாசலில் மத்தியானம் வந்து சொன்னாள்.

இருவரும் என்னிடம்தான் வந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது காலையில் ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி. ‘நீ சொல்லு மீனா, நீதானே செஞ்சவ’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றார்கள். நான் உம் என்றாலும் அதை எடுத்துக்கொண்டு போய் அங்கே சொன்னார்கள். எனக்கு அதில் சந்தோஷம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அவர்கள் மனது ஆறட்டும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

இதற்கிடையில் மாமாவின் பெயர் வெளியூருக்கும் போயிற்று. குரல் சுவிட்ச் வைத்த ஆம்ப்ளிபயர் வேண்டும் என்று பனவடலிசத்திரத்திலிருந்து மாரிராஜ் அண்ணாச்சி வந்தார். கடையநல்லூரிலிருந்து அல் அமீன் என்பவர், துபாயில் இருக்கிற தம்பிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். “அங்கன இல்லாத பொட்டியா?” என்று மாமா கேட்டதற்கு, “பொட்டி இருக்கு பாய், இந்தச் சுவிச்சு இல்லியாமே” என்றார். மாமா ஒரு நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தன்னைப் பாய் என்று அழைத்ததற்காகவும் சிரித்தார்.

அதனால் நான் செய்கிற பெட்டிகளில் எல்லாம் ஒரு சுவிட்ச் கூடுதலாக வைக்க ஆரம்பித்தேன். இந்த ஓட்டைகளுக்கு ஆணியால் புள்ளி குத்திக்கொண்டேன். வள்ளித்தாய் அக்காவின் தண்ணீர்த் தொட்டி அலாரத்தில் ‘மழை’, ‘வெயில்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அவள் மேகத்தைப் பார்த்து மாற்றுகிறாள். மாரிராஜ் அண்ணாச்சி பிறகு வாங்கிய விளக்கில் ‘சிக்கனம்’, ‘தாராளம்’ என்று இருக்கிறது. சிக்கனத்தில் வைத்தால் விடிய விடிய எரிகிறது என்று ஊரெல்லாம் சொன்னார். ஒரு வீட்டு அழைப்பு மணியில் ‘உறவு’, ‘பிறர்’ என்று எழுதினேன். உறவில் வைத்த நாளிலிருந்து விருந்தாளிகள் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள் என்று அந்த வீட்டம்மா எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். எங்கள் தெருவைச் சுற்றி, எதனோடும் சேராத சுவிட்சுகள் இப்போது எத்தனை இருக்கின்றன என்று எனக்கே தெரியாது. ஒருவரும் என்னிடம் பழுது என்று கொண்டுவந்ததில்லை. பழுதாவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

எதிர்வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். ஒரு பெட்டியை இருவர் பங்கு போடுவதால்தான் தகராறு என்று எனக்குப் பட்டது. மாமாவிடம் இன்னொரு போர்டு செய்யச் சொல்லி, மதினிக்கென்று தனியாக ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். நான் செய்ததிலேயே அதுதான் அழகான பெட்டி. ஓரமெல்லாம் மழுக்கி, அடியில் ரப்பர் கால் வைத்து, இளநீலச் சாயம் அடித்தேன். அதன் சுவிட்சில் ‘இதம்’ என்பதை மேலே எழுதினேன். அவள் கீழே பார்க்க வேண்டாமே என்று.

ஒரு கூடத்தில் இரண்டு ஆம்ப்ளிபயர் நிற்காது. மதினி வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை பாட ஆரம்பித்தாள். பிறகு கூடத்தை விட்டு மாடிக்குப் போனாள். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்திருந்தார்கள். பெட்டி மேலே போனதும் அதற்குப் பக்கத்தில் ஒரு பாய் போயிற்று, பிறகு ஒரு மின்விசிறி, பிறகு ஓர் அடுப்பு. ஆனி மாதம் முடிவதற்குள் அந்த வீடு கணீர் வீடு, இதம் வீடு என்று இரண்டாகிவிட்டது. நடுவில் வெளிப்படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டில் கைலாஷ் அண்ணன் இருந்தார்.

அவர் யாரையும் எதிர்த்துப் பேசாதவர். காலையில் கீழே அம்மாவிடம் தோசை சாப்பிட்டுவிட்டு, படியில் இருக்கிற குழாயில் கையைக் கழுவி, வாயைத் துடைத்துக்கொண்டு மேலே போய் மனைவியிடம் இட்லி சாப்பிட்டார். மத்தியானம் மேலே முதலில், கீழே பிறகு. கீழே சாப்பிட்டது மேலே தெரியக் கூடாது, மேலே சாப்பிட்டது கீழே தெரியக் கூடாது. பெரியம்மை அவர் எத்தனை தோசை தின்கிறார் என்று பார்த்தாள். மதினி அவர் கையை மோந்து பார்த்தாள். ஆடி பிறந்தபோது அவருடைய சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சிரமப்பட்டன.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் நிரம்பத் தொடங்கியிருந்த ஒரு நாள், அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் அரம் போடுகிற இடத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். உட்காருவதற்கு நேரமாயிற்று.

“மீனா, இன்னும் கொஞ்ச நாள் போனா நான் வெடிச்சிருவேன்” என்றார். நான் அரத்தைக் கீழே வைத்தேன்.

“அது கெடக்கட்டும். உங்க மதினி திருநெல்வேலிக்கே போயிருவோம்ங்கா. நான் எழுதிக் கேட்டா அங்கன வேலை மாத்தம் கெடைக்கும். வீடுகூடப் பாத்துட்டா. புதன்கிழமை முன்பணம் கொடுக்கணுங்கா. அம்மாவக் கூப்பிட்டா, இதம் வீட்டுக்கு நான் எதுக்கு வாரேன்ங்கா. தனியா கெடப்பா மீனா. எங்கப்பா போனதுக்கப்புறம் அவ ஒரு நாளும் தனியா படுத்ததில்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “எல்லாம் அந்தச் சுவிச்சுல ஆரம்பிச்சது. நீதானே பொட்டி செஞ்ச. அதுல ஏதாவது பண்ண முடியுமா? ரெண்டு பேருக்கும் ஒண்ணு போல கேக்குத மாதிரி?”

ஒன்று போலத்தான் கேட்கிறது என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்வதற்குப் பதிலாகக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். பெட்டியைத் திறந்து, வெறுமனே நிற்கிற கால்களைக் காட்டினால், நான் வாயே திறக்க வேண்டியதில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். என்னைத் திட்டுவார்கள். பிறகு ஒரே அடுப்பு எரியும்.

“ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வாங்கண்ணே” என்றேன். அவரிடம் நான் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். தபசுப் பந்தலில் யாருடைய பெட்டி வைப்பது என்று மாமா தீர்ப்புச் சொல்லப் போவதாக இரண்டு பெண்களும் நினைத்திருந்தார்கள். பெரியம்மை தன் பெட்டியை முந்தானையால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தாள். மதினி கதவோரம் நின்றாள். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

“எதுக்குட்டி திறக்க? அது நல்லாத்தான இருக்கு” என்றார்.

நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினேன். உள்ளே பார்த்ததும், நான் கொண்டுவந்திருந்த தைரியம் போய்விட்டது.

சுவிட்சின் கால்கள் வெறுமனே இல்லை. மேல் காலில் ஒரு சிவப்பு வயர் இருந்தது. கீழ்க் காலிலும் ஒரு சிவப்பு வயர் இருந்தது. நான் மூன்று நிலை சுவிட்ச் மாட்டியபோது அவை இல்லை. அதற்குப் பிறகு எப்போதோ, யாரும் பார்க்காத நேரத்தில், அந்த வீட்டுக்குப் போய் மாமா இதைத் திறந்திருக்கிறார். சால்டர் வைத்த இடம் பாசிமணி போல மின்னியது. வயரை இடைவெளி விட்டு நூலால் கட்டியிருந்தார். அவர் அதுவரை செய்த வேலைகளில் அதுதான் சுத்தமானது.

நான் மேல் காலிலிருந்து கண்ணாலேயே அந்த வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். அது பெட்டியின் சுவரை ஒட்டிப் போய், டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் மறைந்து, மறுபக்கம் வெளியே வந்து, ஆடி மாதம் கோயிலை ஆடிச்சுற்று சுற்றுகிறவர்களைப் போல அமைதியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து, கீழ்க் காலில் சேர்ந்தது. நடுவில் எதையும் அது தொடவில்லை.

யாராவது ஒரு நாள் திறந்து பார்த்தால் வயர் இருக்க வேண்டும் என்பதற்காக மாமா அதைச் செய்திருக்கிறார். அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். எனக்கு மறதிக்கார மாமாவின் மேல் இருந்த பரிதாபம் போய், ஒரு கூட்டாளி கிடைத்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மாமா சுவரில் இருந்த தினசரிக் காலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா, மேல வயரு போவுது” என்றாள் பெரியம்மை. “வயரு இல்லாமலா கணீர்னு வரும்? அண்ணாச்சி சும்மா வைப்பாகளா?”

மதினி கதவோரத்திலிருந்து வந்து குனிந்து பார்த்தாள். “கீழயும்தான் போவுது அத்தை. எண்ணிப் பாருங்க.”

“நான் என்னட்டி கீழ இல்லன்னா சொன்னேன்? போர்வைக்குள்ள பாட ஒரு வயரு வேணும்லா.”

“கீச்சுன்னு கத்தவும் ஒரு வயரு வேணும்ல.”

இருவர் முகத்திலும் ஜெயித்த களை. கைலாஷ் அண்ணன் மட்டும் தொந்தியை மேசையில் தாங்க வைத்துக்கொண்டு, உள்ளே விரலை விட்டார். மேல் காலிலிருந்து ஆரம்பித்து, வயரைத் தொட்டுக்கொண்டே சுவரோரமாகப் போனார். அவர் விரல் டிரான்ஸ்பார்மரின் மூலை வரைக்கும் வந்துவிட்டது. அதைத் திரும்பினால் எல்லாம் தெரிந்துவிடும். மாமா காலண்டரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். மாமா அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தை விட்டபோது வீட்டில் எல்லோரும் ஏன், ஏன் என்றார்கள். மாமா மட்டும் ஒன்றும் கேட்காமல் ஒரு பிஸ்கட் டின்னையும் அரத்தையும் என் முன்னால் வைத்தார்.

ஒரு பக்கம் அவர். இன்னொரு பக்கம் அண்ணனின் இரண்டு மத்தியானச் சாப்பாடும், பெரியம்மையின் தனிப் படுக்கையும். நான் இரண்டையும் நன்றாக யோசித்துப் பார்த்தேன். வேறொன்றும் நினைவுக்கு வந்தது, அதையும் மறைக்கவில்லை. அல் அமீன் இன்னும் மூன்று பெட்டி கேட்டிருந்தார். முகப்புத் தகடு அறுத்து வைத்திருந்தேன்.

“விரலை எடுங்கண்ணே, ஷாக் அடிக்கும்” என்றேன்.

பிளக்கே மாட்டாத பெட்டி அது. அண்ணன் விரலை எடுத்துவிட்டார். நான் மூடியைப் போட்டு நான்கு திருகாணிகளையும் இறுக்கினேன். தூசி தட்டத்தான் திறந்தேன் என்றும் சொன்னேன். முதல் ஓட்டை கை தவறிப் போட்டது. இது கை தவறியதில்லை. இதுதான் நான் செய்தது.

“ரெண்டும் ரெண்டு விதம். அவங்கவங்க பொட்டி அவங்கவங்களுக்கு” என்று மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டு, காபி போடச் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். பெரியம்மை பெட்டியைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மதினி வாசலில் நின்று, “புதன்கிழமை முன்பணம் கொடுத்துருவோம், சரியா?” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, அவர் தலையசைப்பதற்குக் காத்திராமல் போனாள்.

கைலாஷ் அண்ணன் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். பெட்டி இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல் இன்னும் மேசைமேல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மூலை வரைக்கும் போய், திரும்பி, மறுபக்கமாக வந்து நின்றது.

“அந்த வயரு பொறப்பட்ட எடத்துக்கே வந்துருச்சோ மீனா?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. பசிக்கிறவர் கேட்பது போலக் கேட்டார், அந்த மனிதருக்குப் பசி எங்கிருந்து வரும்.

அவருக்கு ஒரு நல்ல பதில் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் கவலை என்ன என்பது எனக்குத் தெரியும். பெரியம்மை தனியாக இருப்பாள் என்பது. அதற்கு என்னால் முடிந்ததைச் செய்து கொடுப்பதுதான் முறை என்று தோன்றியது. உள்ளபடியே அவருடைய நன்மையை மட்டும் நினைத்து, முதல் தடவையாக ஒருவருடைய முகத்தை நேராகப் பார்த்து, தடுமாறாமல் பேசினேன்.

“அண்ணே, நீங்க திருநெல்வேலிக்குப் போறதுக்கு முன்னாடி பெரியம்மைக்கு ஒரு சின்னப் பொட்டி செஞ்சு தாரேன். தலைமாட்டுல வச்சுக்கிடலாம். ஒரே ஒரு சுவிச்சு. அதப் போட்டா வீட்டுல ஆளு இருக்க மாதிரி இருக்கும்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, எதிர்வீட்டுப் படிக்கட்டைப் பார்த்து நடந்தார்.